சார்ஜரை மாற்ற வேண்டாம், ஒயரை மட்டும் மாற்றுங்கள்

வெளிநாட்டில் குடியேறக் கிளம்புகிறவர்கள் லேப்டாப்புக்காக முதலில் வாங்கி வைப்பது, எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் அந்தச் சதுர அடாப்டரைத்தான். நாலு நாள் பயணத்துக்கு அது சரி. வருடக்கணக்கில் தங்கப் போகிறவர்கள் அதையே நம்பி ஓட்டுவது நல்லதில்லை.

முதலில் உங்கள் சார்ஜரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். இன்புட் என்ற இடத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் கவலையே வேண்டாம். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 230. எல்லாவற்றுக்கும் அது தானாகவே ஈடு கொடுக்கும். லேப்டாப், போன், கேமரா சார்ஜர்கள் அநேகமாக எல்லாமே இந்த வகைதான். யாராவது வோல்ட்டை மாற்றும் கன்வெர்ட்டர் வாங்கச் சொன்னால் இதற்காக வாங்காதீர்கள். பின்னின் வடிவம் மட்டும்தான் இங்கே பிரச்சினை.

அந்த வடிவத்தை மாற்ற அடாப்டரே தேவையில்லை. பெரும்பாலான லேப்டாப் சார்ஜர்களில் சுவருக்கும் நடுவில் உள்ள கட்டைக்கும் இடையிலான ஒயர் தனியாகக் கழன்று வரும். கட்டைக்குள் செருகும் முனையைப் பாருங்கள். மூன்று ஓட்டைகள் கொத்தாக இருந்தால் அது சி5, இரண்டு ஓட்டைகளோடு 8 போல இருந்தால் சி7. இந்த முனைகள் எந்த நாட்டிலும் ஒன்றுதான். போன இடத்தில், மறுமுனையில் அந்த ஊர் பிளக் உள்ள ஒயரை மட்டும் வாங்கி மாட்டினால் முடிந்தது வேலை. மேக்புக் சார்ஜரில் சுவரில் செருகும் பின்கள் உள்ள துண்டு கழன்று வரும், அதை மாற்றினால் போதும்.

ஒயரை மாற்றச் சொல்வதற்கு முக்கியக் காரணம் எர்த். உலோக உடம்பு லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் ஓரத்தில் மணிக்கட்டை வைத்தால் சில சமயம் லேசாகச் சுருசுருவென்று இருக்கும். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசிகிறது. எர்த் இருந்தால் அது அந்த வழியே போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் கை வழியே போகப் பார்க்கும். பொதுவாக ஆபத்தில்லை. ஆனால் மூன்று பின் பிளக்கை எர்த் இல்லாத அடாப்டரில் செருகினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. விலை குறைந்த யுனிவர்சல் அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பே கிடையாது. அப்புறம், கனமான பிளக் அடாப்டரில் தொங்கினால் பிடிப்பு தளரும், தளர்ந்த இடம் சூடாகும். சார்ஜர் கட்டை வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. பிளக்கே சூடானாலோ பின் கறுத்தாலோ உடனே தூக்கிப் போடுங்கள்.

பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியாவில் சாக்கெட்டின் மேல் ஓட்டை எர்த். அதில் நீளமான பின் நுழைந்தால்தான் மற்ற இரண்டு ஓட்டைகளின் மூடி திறக்கும். இரண்டு பின் சார்ஜரைத் திணிப்பதற்காக அந்த ஓட்டையில் பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு நெம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவில் பழைய வீடுகளில் இரண்டு ஓட்டை சாக்கெட் மட்டும் இருக்கலாம், அதற்காக பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள்.

230 வோல்ட் மட்டும் என்று போட்டிருக்கும் அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், மிக்ஸி வேறு கதை. 2000 வாட் அயர்ன் பாக்ஸை 120 வோல்ட்டில் போட்டால் சுமார் 540 வாட்தான் கிடைக்கும், துணி மடிப்பு அப்படியே இருக்கும். அங்கே வாங்கிய 120 வோல்ட் சாமானை 230-ல் செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் சூடேறிக் கருகிவிடும். சூடு பண்ணுகிற எதையும் போகும் இடத்தில் வாங்குவதே நல்லது. ஒரே அடாப்டரில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி லேப்டாப், போன் போடுவது சரி, அதில் கெட்டிலைச் செருகவே கூடாது.

யூஎஸ்பி-சி லேப்டாப் என்றால் வேலை இன்னும் சுலபம். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு அதே 65 அல்லது அதற்கு மேல் தரும் சார்ஜரை அங்கேயே வாங்கலாம். 30 வாட் போன் சார்ஜரில் மெதுவாக ஏறும், அல்லது ஏறவே ஏறாது.

இறங்கிய அன்றைக்கே கடை தேடி அலைய முடியாது. அதனால் அந்த நாட்டுக்கு மட்டும் பொருந்தும், எர்த் உள்ள ஒரு சாதாரண அடாப்டரைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் போனும் லேப்டாப்பும் உயிரோடு இருக்கும்.