ஜிஞ்சர் பீர் வீட்டுல போட்டேன், ரெண்டு பாட்டில் வெடிச்சிட்டு, எங்க தப்பு?

சமாதானபுரத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம், பாளையங்கோட்டையில இருந்து எழுதுதேன். எங்க தாத்தா கொழும்புல ஒரு மளிகைக்கடையில ரொம்ப வருசம் கணக்கெழுதிட்டு இருந்தாவ, தூத்துக்குடியில கப்பல் ஏறிப் போனா வருசத்துக்கு ஒருக்காதான் ஊருக்கு வருவாவளாம், வந்தா அங்கன குடிச்ச ஜிஞ்சர் பீர் பேச்சுதான் ஓடுமாம். போன மாசம் சித்தப்பா மவன் கொழும்பு போயிட்டு எலிபேண்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பீர் ரெண்டு பாட்டில் கொண்டாந்தான். மொத மடக்குலயே தொண்டையில சுரீர்னு இறங்குச்சு, அன்னைக்கே நாமளும் போட்டுப் பாக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

தோலோட இஞ்சியத் துருவி, சீனி, தண்ணி சேத்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல வச்சு, தினமும் ஒரு ஸ்பூன் இஞ்சி ஒரு ஸ்பூன் சீனி போட்டு வந்தேன். மூணாம் நாளே நுரைச்சிட்டு. அப்புறம் ஒன்றரை லிட்டர் தண்ணியில 150 கிராம் இஞ்சிய நச்சிப் போட்டுக் கொதிக்கவச்சு, 150 கிராம் சீனி, ரெண்டு எலுமிச்சம்பழம், ஆறினதும் அந்த நுரைத்தண்ணி அரை டம்ளர். பழைய கண்ணாடி பாட்டில்ல ஊத்தி இறுக்க மூடி அரங்குல வச்சேன், நாலு நாள்னு ஒரு வெளிநாட்டு செய்முறையில போட்டிருந்துச்சு. மூணாம் நாள் ராத்திரி டமார்னு சத்தம், ஓடிப் போய்ப் பாத்தா அரிசி மூட்டை மேலெல்லாம் கண்ணாடிச் சில்லு. ஆள் யாரும் பக்கத்துல இல்ல, அது பெரிய புண்ணியம்.

எங்க ஆச்சி ரெண்டு நாளா எங்கிட்ட பேசல, வீட்டுக்குள்ள பீர் காய்ச்சுதியான்னு கேக்கா. எனக்குத் தெரிய வேண்டியது, ஏன் வெடிச்சிட்டு, இதுல போதை உண்டா இல்லையா, நம்ம ஊரு பெட்டிக்கடையில சின்ன வயசுல குடிச்ச இஞ்சி கலரும் இதும் ஒண்ணுதானா. தெரிஞ்சவிய சொல்லுங்க.

உடன்குடிப் பனங்காடு:

தங்கச்சி, மொதல்ல அந்த மிச்ச பாட்டில தொடாதிய. கனமான துணியச் சுத்தி, மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, அப்படியே பிரிட்ஜுக்குள்ள வச்சிருங்க, நல்லா குளுந்தப்புறம் மெல்லத் திறங்க.

எங்க வீட்டுல மூணு தலைமுறையா பனை ஏறுதோம், அதனால நீங்க சொன்னது எனக்குப் புதுசு இல்ல. பாளையச் சீவிக் கலயத்தக் கட்டும்போது உள்பக்கம் சுண்ணாம்பு தடவுதோம்ல, அது எதுக்கு? தடவலேன்னா காத்துல, பாளையில இருக்கிற ஈஸ்ட் உள்ள இறங்கி இனிப்பத் தின்னு கேஸையும் சாராயத்தையும் விட்டுரும், விடியும்போது பதநீர் இருக்காது, கள்ளுதான் இருக்கும். சுண்ணாம்புக்காரத்துல ஈஸ்டுக்கு வேலை ஓடாது. ஜிஞ்சர் பீர்ங்கது சுண்ணாம்பு தடவாத கலயம்தான், பனங்கலயத்துல பாளையும் காத்தும் செய்யுத வேலைய இங்க இஞ்சித் தோலு செய்யுது, அதான் தோலச் சீவக்கூடாதுங்காவ.

இப்ப வெடிச்ச கணக்குக்கு வாங்க. ஒரு கிராம் சீனிய ஈஸ்ட் தின்னா ஏறக்கொறைய அரை கிராம் கேஸ், அரை கிராம் ஆல்கஹால். கடையில விக்கிற கலர் அளவுக்குச் சுருசுருன்னு கேஸ் ஏற லிட்டருக்கு 14 கிராம் சீனிய ஈஸ்ட் தின்னாலே போதும். நீங்க லிட்டருக்கு 100 கிராம் போட்டிருக்கிய. மிச்சம் 86 கிராமும் உள்ள காத்துக்கெடக்கு, மூடிய இறுக்கிட்டா கேஸு போக வழியே இல்லாம ஒவ்வொரு மணி நேரமும் அழுத்தம் ஏறிக்கிட்டே போகும். செய்முறையில நாலு நாள்னு எழுதினவிய வீட்டுக்குள்ள 18, 20 டிகிரி இருக்கும், நம்ம அரங்குல இப்ப 34க்குக் கொறையாது, பத்து டிகிரி கூடினா ஈஸ்ட் ரெண்டு மடங்கு வேகத்துல ஓடும். அவியளுக்கு நாலு நாள்னா நமக்கு ஒண்ணரை நாள்கூட அதிகம்.

அதனால அடுத்த தடவ கண்ணாடியே வேண்டாம். கலர் வந்த பிளாஸ்டிக் பாட்டில எடுங்க, அது கேஸுக்குன்னே செஞ்சது. நாலு விரக்கடை காலி விட்டு ஊத்தி மூடுங்க, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா வெளிய அமுக்கிப் பாருங்க. மொதல்ல மெத்துனு இருக்கும், அமுக்கினா விரல் உள்ள போகாம கல்லு மாதிரி ஆயிட்டுன்னா அந்த நிமிசமே பிரிட்ஜுல வச்சிரணும். குளிர்ல ஈஸ்ட் சாகாது, அசந்து தூங்கும், அதனால ஒரு வாரத்துக்குள்ள குடிச்சிரணும். அப்புறம் குழாய்த் தண்ணியில குளோரின் கெடக்கும், நுரைத்தண்ணிக்குக் கொதிக்கவச்சு ஆறின தண்ணிய ஊத்துங்க.

போதை விசயத்துல ஆச்சி சொன்னதத் தள்ளாதிய. மேல சொன்ன 14 கிராம் கணக்குலயே ஒரு சதவீதம் பக்கம் ஆல்கஹால் வந்துரும், வெளிய வச்சு நாளக் கடத்தினா கூடிக்கிட்டே போகும். பிள்ளைகளுக்குக் குடுக்காதிய. அவியளுக்கு இஞ்சிச்சாறு, கருப்பட்டிப்பாகு, எலுமிச்சை கலந்து மேல சோடாவ ஊத்திக் குடுங்க, அதுல ஒரு துளி போதை கிடையாது.

சோடா கம்பெனி வீட்டுப் பிள்ளை:

அக்கா, உங்க மூணாவது கேள்விக்கு நான் சொல்லுதேன், எங்க பெரியப்பா நாங்குநேரிப் பக்கம் சோடா கம்பெனி வச்சிருந்தாவ, லீவுக்குப் போனா பாட்டில் கழுவுத வேலை எனக்குத்தான். பெட்டிக்கடை இஞ்சி கலரு வேற, ஜிஞ்சர் பீர் வேற. கலர்ல இஞ்சி எசன்ஸும் பாகும் அடியில ஊத்தி வெளிய இருந்து கேஸ் ஏத்துதாவ. ஜிஞ்சர் பீர்ல கேஸு உள்ளயே பொறக்கும். கொழும்புல இன்னைக்கு விக்கிறதும் போதை இல்லாத கூல்ட்ரிங்க்ஸ்தான், ஆனா இஞ்சி ஒறைப்பு நல்லா நிக்கும்.

கோலி சோடா பாட்டில் இருக்குல்ல, அது ஹைராம் காட்ங்கிற இங்கிலீஷ்காரர் 1872ல பேட்டண்ட் வாங்குனது. கழுத்துக்குள்ள ரப்பர் வாசர், கீழ கோலிக்குண்டு. மெஷின்ல பாட்டில மாட்டி கேஸ விட்டுக்கிட்டே தலைகீழாச் சுத்துவாவ, குண்டு உருண்டு வந்து வாசர்ல உக்காரும், உள்ள இருக்கிற கேஸே அதத் தள்ளிப் புடிச்சிக்கிடும், மூடி, தக்கை எதுவும் வேண்டாம். பெரியப்பா கேஸ் ஏத்தும்போது கம்பிவலைக்கு இந்தப் பக்கம்தான் நிப்பாவ, பக்கத்துல நனைஞ்ச சாக்கு கெடக்கும், என்னைய வாசப்படி தாண்ட விடமாட்டாவ. கையில தழும்பு இல்லாத சோடாக்காரரு அந்தக் காலத்துல கெடையாதுன்னு சொல்லுவாவ. அவ்வளவு கனமான கண்ணாடியே அப்பப்ப தெறிக்கும்னா உங்க பழைய பாட்டில் எப்படித் தாங்கும் சொல்லுங்க.

தண்ணியில கேஸ் ஏத்தலாம்னு ஜோசப் பிரீஸ்ட்லிங்கிற விஞ்ஞானி கண்டுபுடிச்சதே 1767ல இங்கிலாந்துல லீட்ஸ் ஊர்ல பீர் காய்ச்சுத எடத்துலதான், பொங்குத பீர்த் தொட்டிக்கு மேல தண்ணிப் பாத்திரத்தத் தொங்கவிட்டாரு, கீழ இருந்து வந்த கேஸு தண்ணியில ஏறிட்டு. அந்த லீட்ஸ் யார்க்‌ஷயர்லதான் இருக்கு, ஜிஞ்சர் பீர் ஆரம்பிச்சதும் யார்க்‌ஷயர்லதான்னு சொல்லுதாவ, 1700களோட நடுவுல. ஜமைக்காவுல இருந்து இஞ்சி, வெஸ்ட் இண்டீஸ் தோட்டத்துச் சீனி, அந்த ஊர்க்காரவியளோட ஈஸ்ட், எல்லாத்தையும் மண்ஜாடியில ஊத்தி தக்கைய வச்சு கயித்தால இறுக்கிக் கட்டுவாவ.

கடனாநதிக்கரை:

காலேஜ்ல பாட்டனி எடுத்தவன், ஒரு விசயம் சேக்கேன். பழைய இங்கிலீஷ்காரவிய வீட்டுல ‘ஜிஞ்சர் பீர் பிளான்ட்’னு ஒண்ண வச்சிருந்தாவ, பேருதான் செடி, பாத்தா ஊறவச்ச ஜவ்வரிசி மாதிரி வெள்ளையா கட்டி கட்டியா இருக்கும், பக்கத்து வீட்டுல இருந்து ஒரு கரண்டி வாங்கி வளப்பாவ, நாம உறைக்கு மோர் வாங்குத மாதிரி. அது என்னன்னு பிரிச்சுப் பாத்து 1892ல எழுதினவரு ஹாரி மார்ஷல் வார்டு. ஒரு ஈஸ்டும் ஒரு பாக்டீரியாவும் சேந்து வாழுது, பாக்டீரியா தன்னச் சுத்தி பசை மாதிரி உறை கட்டும், ஈஸ்ட் அதுக்குள்ள மாட்டிக்கிடும், ரெண்டும் சேந்தாதான் அந்தக் கட்டி.

இதே வார்டு 1880ல இருந்து ரெண்டு வருசம் சிலோன்ல இருந்தாரு, காப்பி இலையில துரு மாதிரி விழுந்த நோய ஆராய அனுப்பினாவ. அந்த நோய்லதான் காப்பித் தோட்டமெல்லாம் அழிஞ்சு தேயிலை வந்துச்சு. அந்தத் தோட்டங்கள்ல வேலை பாத்தவிய நம்ம திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து சனங்க. உங்க தாத்தா போன கப்பல் வழியில அவியளுக்கு முன்னாடி எத்தன குடும்பம் போயிருக்கும், நெனச்சா மனசு என்னமோ பண்ணுது.

‘ஜிஞ்சர்’ங்கிற பேரும் நம்மகிட்ட இருந்து போனதுதான், இஞ்சி வேர் பாலி மொழியில சிங்கிவேரா ஆகி, கிரேக்கத்துல சிங்கிபெரிஸ் ஆகி, லத்தீன் வழியா இங்கிலீஷுக்குப் போயிட்டு.

சுக்கு போட்டாலும் வரும், ஆனா ருசி மாறும். பச்ச இஞ்சியில ஒறைக்கிறது ஜிஞ்சரால்ங்கிற பொருளு, காயும்போது அதுல ஒரு பங்கு ஷோகால்ங்கிற வேற பொருளா மாறும், அது இன்னும் காரம். நான் பாதிக்குப் பாதி போடுவேன்.

கோர்ட் வாசல்:

ஜிஞ்சர் பீர்னு பாத்ததும் நிக்காம போகமுடியல, வக்கீலுக்குப் படிச்சவிய எல்லாருக்கும் இது மொத வருசப் பாடம். 1928 ஆகஸ்ட்ல ஸ்காட்லாந்துல பெய்ஸ்லிங்கிற ஊர்ல டோனகூன்னு ஒரு அம்மா, கூட வந்த சிநேகிதி வாங்கிக் குடுத்த ஜிஞ்சர் பீரக் குடிச்சாவ. பாட்டில் கருப்பு, உள்ள இருக்கிறது தெரியாது. மிச்சத்த ஊத்தினப்ப அழுகின நத்தை விழுந்துச்சுன்னு கேஸ் போட்டாவ. காசு குடுத்தது சிநேகிதி, அப்ப கம்பெனிக்கும் இந்த அம்மாவுக்கும் என்ன ஒப்பந்தம்னு எதிர்த்தரப்பு கேட்டுச்சு. 1932ல பிரபுக்கள் சபையில, அப்ப அவியளுக்கு உச்ச கோர்ட்டு மாதிரி அதுதான், அங்க நீதிபதியா இருந்த அட்கின் பிரபு, ஒப்பந்தம் இல்லாட்டாலும் குடிக்கப் போறவிய மேல செஞ்சவனுக்குக் கவனம் இருக்கணும்னு தீர்ப்புச் சொன்னாரு, மூணு பேரு இந்தப் பக்கம், ரெண்டு பேரு அந்தப் பக்கம். நம்ம ஊரு கோர்ட்டுல கெட்டுப்போன பொருளுக்கு நஷ்டஈடு கேட்டு வாதாடும்போது இன்னைக்கும் இந்தக் கேஸ எடுத்து வைக்கோம்.

தங்கச்சி, வீட்டோட வச்சுக்கிடுங்க, நாள் கூட்டிப் புளிக்கவிட்டு விக்கக் கிளம்பிராதிய, தமிழ்நாட்டுல கள்ளுக்கே தடை இருக்கு.

சமாதானபுரத்துக்காரி:

அண்ணாச்சிமாருக்கெல்லாம் ரொம்ப நன்றி. உடன்குடி அண்ணாச்சி சொன்ன மாதிரி பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டேன், சீனிக்குப் பதிலா பாதிக் கருப்பட்டி, அத வடிகட்டும்போது அடியில மண்ணு நெறைய நின்னுச்சு. வெள்ளிக்கிழமை காலையில மூடினது, ராத்திரி எட்டு மணிக்கே கல்லு மாதிரி ஆயிட்டு, பதிமூணு மணி நேரம்தான். ராத்திரி முழுக்க பிரிட்ஜு. காலையில திறந்தப்ப புஸ்னு ஒரு மூச்சு விட்டு அடியில இருந்து பொடிப்பொடியா குமிழி ஏறிக்கிட்டே இருந்துச்சு. நிறம் சுக்குக் காப்பி மாதிரி, கொழும்பு பாட்டில விட ஒறைப்பு கூட, இனிப்பு கம்மி, எலுமிச்சை இன்னும் ஒண்ணு பிழியலாம்.

ஆச்சிக்கு சோடா ஊத்தித் தனியா கலந்து குடுத்தேன். குடிச்சிட்டு டம்ளரக் கீழ வைக்காம, “உங்க தாத்தா கொண்டாந்த பாட்டில் மண்ணுல செஞ்சது, காவி நிறத்துல இருக்கும், அதுலதான் நான் ரொம்ப நாளு நல்லெண்ணெய் ஊத்தி வச்சிருந்தேன்”னா. பரண்ல தேடிக்கிட்டு இருக்கேன், கெடைச்சா போட்டோ போடுதேன்.