மடல்: ‘அறுவடைக்கு முந்திய இடைவெளி’க்கு வேறு சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

பயிருக்கு அடிக்கும் மருந்துகள் பற்றிய துண்டுப்பிரசுரத்துக்காக நான் கேட்டது ஒரு சொல்: மருந்தடித்த பிறகு காய் பறிக்காமல் விட வேண்டிய நாட்களுக்கு. இரண்டு நாளில் பதினொரு மடல் வந்திருக்கிறது. அதில் ஒன்பது, நான் கேட்காத சொல்லைப் பற்றி: தாளில் நான் எழுதியிருந்த ‘கிருமிநாசினி’! அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

> கிருமிநாசினி என்றால் எங்களுக்குக் கை கழுவுகிற திரவம். பூச்சிக்கொல்லி என்று எழுதிவிடுங்களேன்.

கோயம்புத்தூர் நண்பருக்கு: 2020க்குப் பிறகு உங்கள் பக்கம் அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டது தெரியும். யாழ்ப்பாணத்தில் அது தோட்டத்துக்கு அடிப்பது. பூச்சிக்கொல்லி என்று போட்டால் களைக்கும் பங்கசுக்கும் (பூஞ்சைக்கும்) அடிப்பவை வெளியே நின்றுவிடும். எங்கள் பாடப்புத்தகத்துப் பீடைநாசினி எல்லாவற்றையும் அடக்கும்; ஆனால் பீடை என்றதும் இரண்டு கரையிலும் தரித்திரம்தான் முதலில் நினைவுக்கு வரும். போகட்டும். தலைப்பில் பீடைநாசினி, உள்ளே ‘மருந்து’.

> மருந்து என்ற சொல்லே கம்பனிக்காரரின் ஏமாற்று. நஞ்சு என்று எழுத வேண்டும்.

அண்ணை, பாதிதான் ஒத்துக்கொள்வேன். டி.டி.ரி (DDT) 1874இலேயே ஆய்வுகூடத்தில் செய்யப்பட்டு, பயன் தெரியாமல் கிடந்தது. அது பூச்சியைக் கொல்லும் என்று 1939இல் சுவிற்சலாந்தின் பாசல் நகரில் ஒரு கம்பனி வேதியியலாளரான பவுல் முல்லர் கண்டார். 1948இல் அவருக்குக் கொடுத்த நோபல் பரிசு மருத்துவத்துக்கு, வேதியியலுக்கு அல்ல. மலேரியா பரப்பும் நுளம்பைக் கொல்ல அதை வீடுவீடாக அடித்தார்கள். இலங்கையில் 1946இல் சுமார் 28 லட்சமாக இருந்த மலேரியா நோயாளர் தொகை 1963இல் 17 ஆகக் குறைந்தது. வீட்டுச் சுவருக்கு அடித்த அந்தப் பொருளைச் சனம் மருந்து என்று சொன்னதில் பிழை என்ன? தோட்டத்துக்கு வந்தபோதும் அந்தப் பெயரோடுதான் வந்திருக்கும்.

மற்றப் பாதியும் உண்மைதான். 1936இல் ஜெர்மனியில் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிமருந்து தேடப் போய்த்தான் தபுன் என்ற போர் நஞ்சு கிடைத்தது. பரத்தியன் என்ற பூச்சிமருந்தும் அவர் கைச்சரக்கே. இங்கே அதை 1984இல் தடை செய்தார்கள். ‘மருந்து குடிச்சிட்டான்’ என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நஞ்சு என்று அச்சடித்த தாளைத் தோட்டக்காரர் வாங்கமாட்டார். வாடிய இலையைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார். கடைக்காரர் பார்த்து ஒரு போத்தலை எடுத்து வைக்கிறார். காசு வெங்காயம் விற்ற பிறகு. வைத்தியரும் கடன் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கிற இடத்தில் நாங்கள் சொல்லை மாற்றி என்ன செய்ய?

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். மருந்து அடித்த நாளுக்கும் காயைப் பறிக்கும் நாளுக்கும் நடுவே விட வேண்டிய நாட்கள். வெயில், மழை, செடியின் சொந்தச் செரிமானம் எல்லாம் சேர்ந்து மருந்தைக் கரைக்க எடுக்கும் காலம். மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் தனித்தனியே அளந்து, எச்சம் வரம்புக்குக் கீழே இறங்கும் நாளைக் குறிக்கிறார்கள். ஆங்கிலத்தில் பிறீ ஹார்வெஸ்ற் இன்ரவல். எங்கள் தமிழ்த் தாளில் ‘அறுவடைக்கு முந்திய இடைவெளி: 14’.

இந்தத் தாளை நீர்வேலியில் ஒரு தோட்டக்காரரிடம் காட்டினேன். செம்பாட்டு மண் ஒட்டிய விரலை அந்த வரியில் வைத்து, “14 அங்குலமோ? கத்தரிக்கு உது காணாதே” என்றார். அவருக்கு இடைவெளி என்றால் கன்றுக்குக் கன்று விடுவது. விவசாயத் தாள்களில் நாங்கள்தானே ‘நடுகை இடைவெளி’ என்று எழுதிப் பழக்கினோம்!

இதைவிடப் பெரிய சிக்கல் ‘அறுவடை’. நெல்லுக்கு ஒரே அறுவடை. வெங்காயத்தை ஒருநாளில் கிண்டிவிடலாம். கத்தரிக்கு அறுவடை என்று ஒரு நாள் எங்கே? மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஆய்ந்து (பறித்து) யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும். பாகல், புடோல், பச்சைமிளகாய் எல்லாம் அப்படித்தான். காய்துளைப்பான் புழுவோ ஆய்கிற காலம் முழுக்க இருக்கும். எனவே எப்போது அடித்தாலும் அது ஓர் அறுவடைக்குப் பிந்தியது, இன்னொன்றுக்கு முந்தியது. ‘முந்திய’ என்ற சொல் இங்கே ஒன்றையும் சொல்லவில்லை. ‘பறிக்காதே’ என்று சொல்கிற சொல் வேண்டும்.

பக்கத்து வளவு அம்மாவிடம் கத்தரிக்காய் கேட்கப் போனபோது அவர் சொன்னது: “உதை இப்ப ஆயாதேங்கோ. முந்தநாள்தான் மருந்தடிச்சது. துடக்குக் கழியட்டும்.” துடக்கு என்றால் தீட்டு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு பொருத்தம்! ‘மருந்துத்துடக்கு’ என்று எழுதியும் பார்த்தேன். ஆனால் பெண்களை ஒதுக்கி வைக்கிற சொல்லை அரச தாளில் ஏற்ற மனமில்லை. தவிர, துடக்கு முழுகினால் போகும். செடிக்குள் ஊறி ஓடுகிற மருந்து காயைக் கழுவினால் போகாது. அந்த நினைப்பை வளர்க்கக் கூடாது.

அடுத்து அம்மாவின் ‘ஆயாதேங்கோ’விலிருந்தே ‘ஆயாநாள்’. எனக்குப் பிடித்தது இதுதான். கோயம்புத்தூர் நண்பர் சிரிக்கிறார்: தமிழ்நாட்டில் அது பாட்டியைக் கொண்டாடும் நாளாம். ‘கொய்யாநாள்’ என்று அவர் தந்ததை எங்கள் ஊரில் பழக்கடைக்காரர் கொண்டாடுவார். ‘தொடாநாள்’ நல்ல சொல். ஆனால் மருந்தடித்த தோட்டத்துக்குள் ஆட்கள் கால் வைக்கக் கூடாத நேரம் என்று லேபலில் இன்னொன்று வரும். இரண்டும் குழம்பும். அதற்கு ‘புகாநேரம்’ வைக்கலாம்.

ஆக என் முன்மொழிவு ‘பறியாநாள்’. காயையும் பறிக்கலாம், கிழங்கையும் பறிக்கலாம். இரண்டு கரையிலும் விளங்கும். தாளில் இப்படி வரும்:

கத்தரி. பறியாநாள்: 14. மருந்தடித்த நாளைச் சேர்க்காமல் எண்ணவும்.

நீர்வேலிக்காரரிடம் மறுபடி காட்டினேன். அங்குலம் பற்றிக் கேட்கவில்லை. “பதினாலு நாள் பறியாமல் விட்டால் காய் முத்திப்போகும், அதுக்கு ஆர் காசு தாறது?” என்று கேட்டார். அதற்குச் சொல் என்னிடம் இல்லை. பறியாநாள் குறைந்த மருந்துகளைத் தாளின் மேலே போடச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை: ‘14 பறியாநாள்’ போதுமா, ‘பறியாநாட்கள்’ வேண்டுமா? இலக்கணம் தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றைக்கு அச்சுக்குப் போகிறது.