‘கரன்சி பெக்’ – நிர்ணயமா, முளையா, பிணைப்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஒரு நாட்டு நாணயத்தின் மதிப்பை டாலர் போன்ற வேறொரு நாணயத்தோடு கட்டிவைப்பதுதான் ‘கரன்சி பெக்’. அதற்கும் அதையொட்டிய சொற்களுக்கும் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இழை நீண்டுவிட்டதால் மூன்று மடல்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

> ‘நாணய மதிப்பு நிர்ணயம்’ என்றே வைக்கலாமே. யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தலைகீழாகப் புரியும். நிர்ணயம் என்றால் அரசு ஒரு விலையைச் சொல்கிறது, ஊர் கேட்டுக்கொள்கிறது என்று அர்த்தம். பெக்கில் கட்டுப்படுவது அரசு.

அர்ஜென்டினா இரண்டையும் செய்து பார்த்த நாடு. 1985இல் ஆஸ்திரால் என்று புது நாணயம் கொண்டுவந்து, விலையையும் கூலியையும் அசையாமல் நிறுத்தினார்கள். அதுதான் நிர்ணயம். அரசின் வரவு செலவுப் பற்றாக்குறைக்கு நோட்டு அடிப்பது நிற்கவில்லை, அதனால் திட்டமும் நிற்கவில்லை. 1989இல் ஆண்டுப் பணவீக்கம் 3,000 விழுக்காட்டைத் தாண்டியது. 1991 ஏப்ரலில் பொருளாதார அமைச்சர் டொமிங்கோ கவாலோ கொண்டுவந்த சட்டம் வேறு வகை. 10,000 ஆஸ்திராலோடு யார் வந்தாலும் மத்திய வங்கி ஒரு டாலர் கொடுத்தாக வேண்டும். புழக்கத்தில் விடும் பணத்துக்கு ஈடாக டாலர் போன்ற கையிருப்பும் வைத்திருக்க வேண்டும். அடுத்த ஜனவரியில் பெசோ வந்தது: ஒரு பெசோ, ஒரு டாலர். 1994 வாக்கில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. நினைத்தபடி நோட்டடிக்க முடியாமல் போனதுதான் மருந்து. ‘நிர்ணயம்’ என்று எழுதினால் அந்தச் செய்தியே காணாமல் போகிறது.

> ‘முளை’ நல்ல சொல். கன்றை முளையடித்துக் கட்டுகிறோம் அல்லவா?

ஐயா சொல்வது அழகான சொல்தான். கயிற்றின் நீளத்தை வைத்து, எவ்வளவு ஏற்ற இறக்கத்துக்கு இடம் உண்டு என்பதைக்கூட விளக்கிவிடலாம். ஆனால் வினையாக்கும்போது இடிக்கிறது. ‘முளைகட்டிய நாணயம்’ என்று எழுதினால் பாசிப்பயறுதான் நினைவுக்கு வரும். பிணைப்பு என்றால் பிணைத்தது, பிணைத்த நாணயம், பிணைப்பு வீதம், பிணைப்பு முறிவு என்று எல்லாம் தானாக வருகின்றன. ‘பிணை’ ஜாமீன் ஆயிற்றே என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கட்டும். ஈடு கொடுக்கக் கையிருப்பு இல்லாத பெக் நிற்காது. அந்த வாடை சொல்லில் இருப்பது நல்லதுதான்.

முறிவுக்கும் சொல் வேண்டும் என்று சொல்லக் காரணம் உண்டு. டாலர் வலுத்தது, 1999இல் பக்கத்து பிரேசில் தன் நாணயத்தை இறங்கவிட்டது, அர்ஜென்டினாவின் கடன் ஏறியது. மத்திய வங்கியைக் கட்டிப் போட்டிருந்தாலும், 2001இல் பியூனஸ் அயர்ஸ் மாகாணம் ‘பட்டகோன்’ என்ற கடன்பத்திரங்களை அடித்துச் சம்பளமாகக் கொடுத்தது. டிசம்பரில், வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பெசோதான் எடுக்கலாம் என்று உத்தரவு. 2002 ஜனவரியில் பிணைப்பு முறிந்தது. சில மாதங்களில் ஒரு டாலருக்கு மூன்று பெசோவுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

> கரன்சி போர்டுக்கு ‘நாணயச் சபை’.

வெளியிடும் பணம் முழுவதற்கும் வெளிநாட்டு நாணயத்தை ஈடாக வைத்து, மாறாத வீதத்தில் மாற்றித் தரும் முறைதான் கரன்சி போர்டு. அதற்கு இந்தப் பெயர் மட்டும் வேண்டாம் என்பேன். இலங்கை மத்திய வங்கியை நடத்திய குழுவான மானிட்டரி போர்டுக்கு நெடுங்காலம் அந்தப் பெயர்தான். 1950இல் அந்த வங்கி தொடங்கும்வரை அங்கே இருந்ததோ கரன்சி போர்டு முறை! ஒரே நாட்டின் வரலாற்றை எழுதும்போது இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம். தவிர, எல்லா இடத்திலும் ‘சபை’ என்று தனியாக ஒன்று இருப்பதும் இல்லை. பல்கேரியாவில் 1997 பிப்ரவரி ஒரு மாதத்தில் மட்டும் விலைவாசி 240 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. ஜூலையில் 1,000 லெவா ஒரு ஜெர்மன் மார்க் என்று கட்டினார்கள். அதை நடத்தியது தேசிய வங்கிக்குள்ளேயே இருந்த வெளியீட்டுத் துறை. மார்க் போய் யூரோ வந்தபோதும் அந்தப் பிணைப்பு தொடர்ந்தது. 2026 ஜனவரியில் அந்த நாடு யூரோவையே ஏற்றுக்கொள்ளும்வரை முறியவில்லை. ஆகவே முறைக்குத்தான் பெயர் வைக்க வேண்டும். என் முன்மொழிவு ‘முழு ஈட்டு நாணய முறை’. கொஞ்சம் நீளம்தான், சுருக்கத் தெரிந்தவர்கள் சுருக்கட்டும்.

விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறும் ஹைப்பர் இன்ஃபிளேஷனுக்கு ‘அதிபணவீக்கம்’ போதும் என்று நினைக்கிறேன். அதற்கு இன்னொரு இழை தொடங்க வேண்டாம், தயவுசெய்து.

மிச்சம் இருப்பது ‘கிராலிங் பெக்’. 2023 டிசம்பரில் அர்ஜென்டினா பெசோவின் மதிப்பை ஒரேயடியாகப் பாதிக்குமேல் குறைத்தது. அப்புறம் மாதம் 2 விழுக்காடு என்று முன்கூட்டியே சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியது. அந்த வகை. ‘ஊர் பிணைப்பு’ என்றால் கிராமம் ஆகிறது, ‘நகர் பிணைப்பு’ என்றால் பட்டணம் ஆகிறது. ‘படியிறங்கு பிணைப்பு’ என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் மதிப்பை ஏற்றிக்கொண்டே போகும் நாட்டுக்கு அது பொருந்தாது. இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்.