9 வயது மகளுக்கு வீட்டிலேயே கணக்கு: எந்தப் புத்தகத்தை நம்பிப் பணம் போடுவது?

லாஸ்பேட்டை அம்மா:

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்க வைக்கிறேன். மகனுக்கு 6. தமிழ், ஆங்கிலம், சயின்ஸ் எல்லாம் ஓடுகிறது. கணக்கில்தான் நிற்கிறேன்.

வெறும் எண்களாகக் கொடுத்தால் கூட்டல், பெருக்கல் போட்டுவிடுவாள். அதையே வாக்கியமாகக் கொடுத்தால் “கூட்டணுமா, கழிக்கணுமா?” என்று என் முகத்தைப் பார்ப்பாள். ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டுவாள், ‘மீதி’ என்று வந்தால் கழிப்பாள். இரண்டுமே இல்லையென்றால் பென்சிலைக் கடிப்பாள்.

சிங்கப்பூர் பிரைமரி மேத்தமேடிக்ஸ் (பாடநூல், ஒர்க்புக், வழிகாட்டி எல்லாம் தனித்தனி விலை), மேத் மாமத் பிடிஎஃப், என்சிஇஆர்டியின் புது மேத்ஸ் மேளா, நம்ம சமச்சீர் புத்தகம். இந்த நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசி இரண்டையும் இலவசமாக இறக்கி வைத்தாயிற்று. மாமனார் “பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் மனப்பாடம் ஆகட்டும், மற்றது தானா வரும்” என்கிறார். வீட்டுக்காரர் “பத்தாவதுக்கு என்ன வழி?” என்கிறார். நான் பி.காம். கணக்கைக் கண்டு பயமில்லை, ஆனால் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

கெடிலக்கரை:

நான் கடலூர் மஞ்சக்குப்பம். பெரியவன் வீட்டில் படித்தே என்ஐஓஎஸ் (மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியம்) பத்தாவது முடித்துவிட்டான். சின்னவள் ஆறாம் வகுப்புக் கணக்கில் இருக்கிறாள்.

பள்ளிக்கூடப் புத்தகம் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருப்பார் என்று நம்பி எழுதப்பட்டது. மேத்ஸ் மேளாவைப் புரட்டிப் பாருங்கள், படமும் கேள்வியும் பேச்சுமாக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தை ஒரு பதில் சொன்ன பிறகு அடுத்து என்ன கேட்பது, தப்பாகச் சொன்னால் எங்கே திரும்பிப் போவது, இதெல்லாம் வகுப்பில் நிற்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள். சமச்சீரும் அப்படியே. நீங்கள்தான் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை என்கிறீர்களே, அப்போது உங்களுக்குக் குறைவது அந்த ஆசிரியர் பங்குதான். பணம் போடுவதென்றால் அதற்குப் போடுங்கள். சிங்கப்பூர் செட்டில் கலர் பாடநூலை விட வழிகாட்டிதான் முக்கியம். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம். மேத் மாமத்தில் விளக்கம் குழந்தையிடம் பேசுவது போலவே எழுதியிருப்பதால் தனி வழிகாட்டி தேவையில்லை. அதில் லைட் ப்ளூ என்பது வகுப்பு வாரியாக, ப்ளூ என்பது தலைப்பு வாரியாக. ஒரே இடத்தில் சிக்கல் என்றால் ப்ளூவில் அந்தத் தலைப்பை மட்டும் வாங்கி ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டால் போதும்.

‘மொத்தம்’, ‘மீதி’ பார்த்துக் கணக்குப் போடும் பிள்ளைக்கு சிங்கப்பூர்காரர்களின் பட்டைப் படம் நன்றாக வேலை செய்யும். அதற்குப் புத்தகமே வேண்டாம். இரண்டு கூடையில் மீன். கிழங்கான், சங்கராவை விட 8 கிலோ அதிகம். சேர்த்து 36 கிலோ. தனித்தனியே எவ்வளவு? சங்கராவுக்கு ஒரு பட்டை வரையச் சொல்லுங்கள். கிழங்கானுக்கு அதே நீளம் ஒரு பட்டை, அதோடு ஒட்டி 8 என்று ஒரு துண்டு. அந்தத் துண்டைக் கையால் மறைத்தால் மீதி 28, இரண்டு சம பட்டை, ஒவ்வொன்றும் 14. கிழங்கான் 22. கூட்டணுமா, கழிக்கணுமா என்று உங்களைக் கேட்கவே மாட்டாள், படத்தைப் பார்ப்பாள்.

அமெரிக்கப் பதிப்புகளில் ஒரு தொல்லை. அங்குலம், பவுண்டு, டாலர் சில்லறை என்று பக்கம் பக்கமாக வரும். அதைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் பெரிய எண்கள் வரும்போது 100,000 என்று கமா போட்டிருப்பார்கள். நமக்கு 1,00,000. அந்தப் பாடத்தை மட்டும் நம் புத்தகத்தில் நடத்துங்கள்.

வீட்டுக்காரருக்கு: என்ஐஓஎஸ் பத்தாவதுக்கு 14 வயது நிறைய வேண்டும், வருடத்தில் இரண்டு முறை பொதுத் தேர்வு. ஐந்து பாடம் போதும், கணக்கே எடுக்காமலும் முடிக்கலாம். மேலே சயின்ஸ் குரூப் போகும் எண்ணம் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். நடுவில் பள்ளிக்குத் திரும்ப வாய்ப்பிருந்தால் உங்களுக்கு என்சிஇஆர்டிதான் வசதி. புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2023-24லிருந்து உயர் வகுப்புகளையும் சி.பி.எஸ்.இ.க்கு மாற்றிவிட்டார்கள். எல்லையில் முள்ளோடை தாண்டி எங்கள் கடலூர்ப் பக்கம் வந்தால் சமச்சீர்.

எதையும் ஆர்டர் பண்ணுவதற்கு முன் 503 − 178 போடச் சொல்லுங்கள். விடையைத் திருத்தாமல் இங்கே எழுதுங்கள்.

வில்லியனூர் வாத்தியார்:

மேலே சொன்னது சரி. ஆனால் மாமனார் பக்கமும் ஒருவர் பேச வேண்டும். 7 × 8 எவ்வளவு என்று விரல் விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நீள் வகுத்தலும் சமான பின்னமும் ஏறாது, கவனமெல்லாம் பெருக்கலிலேயே தீர்ந்துபோகும். திண்ணைப் பள்ளிக் காலத்தில் எண்சுவடியில் முழு எண்ணோடு நிற்காமல் கால், அரைக்கால் (1/8), வீசம் (1/16) என்று பின்னங்களுக்கும் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். அவ்வளவு வேண்டாம். பதினாறும் இப்போது வேண்டாம். 1 முதல் 5 வரையும் 10ம் தெரிந்துவிட்டால், 3 × 7ம் 7 × 3ம் ஒன்றுதான் என்பதால், 6 முதல் 9 வரை புதிதாகப் படிக்க வேண்டியது பத்தே பத்துப் பெருக்கல்தான். உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. மாமனார் வகுத்தல் போடும்போது ஈவை வலப்பக்கம் எழுதுகிறாரா? பழைய முறை அதுதான். இப்போதைய புத்தகங்களில் தலைக்கு மேல் இருக்கும். வீட்டில் எது என்று முதலிலேயே முடிவு பண்ணிவிடுங்கள், இல்லாவிட்டால் குழந்தை இருவரிடமும் திட்டு வாங்கும்.

ஓ.டி. அப்பா:

கான் அகாடமி இணையப் பாடங்கள் இலவசம்தானே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? எங்கள் வீட்டில் முதலில் நான் பார்த்துவிடுவேன், அப்புறம் டேப்லெட்டை மூடிவைத்து நானே சொல்லித்தருவேன். பிள்ளையிடம் தனியாகக் கொடுத்தால் குறிப்பை அழுத்தி அழுத்தியே முடித்துவிடுகிறான்.

லாஸ்பேட்டை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன 503 − 178 கணக்கைக் கொடுத்தேன். 475 என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டாள்! சார், நீங்கள் சொன்னதும் அப்படியே. மாமனார் ஈவை வலப்பக்கம்தான் எழுதுகிறார்.

கெடிலக்கரை:

நினைத்தேன். ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். 5−1, 7−0, 8−3. இடமதிப்பு மனதில் பதியவில்லை, அதனால் நாலாம் வகுப்பு செட் எதுவும் இப்போது வேண்டாம். பட்டைப் படம் கூட இதற்குப் பிறகுதான்.

ஐந்து நூறு ரூபாய், மூன்று ஒரு ரூபாய்க் காசு எடுத்து வையுங்கள். விளையாட்டு நோட்டாக இருந்தாலும் சரி. 178 கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். எட்டு காசு இல்லை, பத்து ரூபாய்த் தாளும் இல்லை. ஒரு நூறைப் பத்து பத்தாக மாற்றணும், அதில் ஒரு பத்தைக் காசாக மாற்றணும். அவளே மாற்றட்டும். மாற்றுகிறபோதே பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும், காசு வைத்துச் செய்வது தனி நாள், எழுதிப் போடுவது தனி நாள் என்று பிரித்தால் பலன் இல்லை. கையில் 325 நிற்கும். நடுவில் பூஜ்யம் வரும் எண்களாகவே கொடுங்கள், அங்கேதான் பிள்ளைகள் வழுக்குவார்கள். இது பிடிபட்டதும் மேத் மாமத் ப்ளூவில் ஒரு தலைப்பு மட்டும் வாங்கி, விளக்கம் உங்களுக்கே ஒத்துவருகிறதா என்று பாருங்கள். பயிற்சிக்குச் சமச்சீர் இருக்கிறது.

லாஸ்பேட்டை அம்மா:

சரி அக்கா, ஆர்டரை நிறுத்திவிட்டேன். சின்னவனுக்கு ஏதாவது வாங்கணுமா?

கெடிலக்கரை:

தாயமும் பரமபதமும் போதும். ஒரு மாலை மட்டும் பண்ணுங்கள். நூறு மணி, பத்துப் பத்தாக இரண்டு நிறம் மாற்றி மாற்றி. டெல்லி ஜோடோ ஞான் இதைக் கணித்மாலா என்று தயாரிக்கிறது. உங்கள் ஊர் சண்டே மார்க்கெட்டில் மணி வாங்கி நீங்களே கோத்துவிடலாம். 47 எங்கே, அதிலிருந்து 60க்கு எத்தனை தாண்டணும் என்று கிளிப் மாட்டி விளையாடலாம், அக்காவும் தம்பியும் சேர்ந்தே. நைலான் நூல் போடுங்கள், மணிகள் நகர ஒரு விரல் இடம் விட்டு முடிச்சுப் போடுங்கள்.