ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்ததா?

கீழவாசல்காரன்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் தஞ்சாவூரில் அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று கிடைத்தது. தாத்தா நெல் மண்டி வைத்திருந்தவர். எடைச்சீட்டுகளுக்கு நடுவே ஏழு நோட்டுகள் இருந்தன. நான்கு ஒரு ரூபாய், புலி போட்ட இரண்டு ரூபாயில் இரண்டு, பாய்மரக் கப்பல் போட்ட பத்து ரூபாய் ஒன்று. இப்போதைய பத்து ரூபாயை அந்தக் கப்பல் நோட்டின் மேல் வைத்தால் நாலு பக்கமும் ஓரம் வெளியே தெரிகிறது.

இதைப் பார்த்ததும் அம்மா ஒன்று சொன்னார். "இதெல்லாம் என்ன, ஆயிரம் ரூபாய் நோட்டில் நம்ம பெரிய கோயிலே இருந்தது. அப்பா என்னைத் திண்ணையில் உட்கார வைத்துக் காட்டினார். அப்புறம் ஒரு பொங்கல் முடிந்த கையோடு, கரும்புச் சக்கையைக்கூட அள்ளவில்லை, அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பேங்குக்கு ஓடினார்." அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது.

நான் பார்த்த ஆயிரம் ரூபாயில் கோயில் எதுவும் இல்லை. அம்மா வேறு எதையோ கோயிலாக நினைத்துக்கொண்டிருக்கிறாரா? இன்னொன்று, இந்த நோட்டுகளில் வருஷமே அச்சிடவில்லை. வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? இத்தனை தடவை ஏன் படத்தை மாற்றினார்கள்? விற்கும் எண்ணம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பொன்னிநதி

வாய்ப்பில்லை நண்பா. ஆயிரம் ரூபாய் நோட்டு வந்ததே 2000ஆம் ஆண்டில்தான். முன்னால் காந்தி, பின்னால் எண்ணெய் எடுக்கும் மேடையும் அறுவடையும். கோயில் போட்ட படம் எனக்கும் வாட்ஸாப்பில் வந்தது, யாரோ கணினியில் செய்தது என்று விட்டுவிட்டேன். அம்மா வேறு நோட்டைச் சொல்கிறாராக இருக்கும்.

காசாளர்_கும்பகோணம்

தம்பி, உங்கள் அம்மா சொன்னது முழுக்க உண்மை. பொங்கல் வரைக்கும் சரி.

1954இல் ரிசர்வ் வங்கி 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகளை மறுபடி வெளியிட்டது. மறுபடி என்கிறேன், ஏனென்றால் வெள்ளைக்காரன் காலத்து 500, 1,000, 10,000 நோட்டுகளை 1946 ஜனவரியில் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். புதிதாக வந்த ஐயாயிரத்தில் மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா, பத்தாயிரத்தில் அசோகரின் சிங்கத் தூண், ஆயிரத்தில் தஞ்சைப் பெரிய கோயில். 1978 ஜனவரி 16ஆம் தேதி அவசரச் சட்டம் போட்டு இந்த மூன்றையும் நிறுத்தினார்கள். பொங்கலுக்கு இரண்டாம் நாள் அது. மாற்றிக்கொள்ளச் சில நாள்தான் கொடுத்தார்கள். உங்கள் தாத்தா ஓடியது அதற்காகத்தான். பொன்னிநதி சொல்லும் 2000ஆம் ஆண்டு நோட்டு அதே தொகை இருபத்திரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது.

நான் கல்லாவில் உட்கார்ந்தது 1981இல். அதனால் பெரிய கோயில் நோட்டு என் கைக்கு வரவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சேகரிப்பாளர் வைத்திருந்தார். விமானம் அடுக்கடுக்காக மேலே போவதை எத்தனை நுணுக்கமான கோடுகளில் செதுக்கியிருக்கிறார்கள்! பத்து நிமிஷம் குனிந்தபடியே நின்றேன். கோயிலுக்கு நாற்பது கிலோமீட்டரில் பிறந்து வளர்ந்தவன் நான், அதைக் காகிதத்தில் பார்த்துக் கண் கலங்கினேன்.

படத்தை ஏன் மாற்றினார்கள் என்று கேட்டீர்கள். அழகுக்காக மாற்றியது குறைவு. கள்ள நோட்டுக்குப் பயந்து மாற்றியதுதான் அதிகம். 1861இல் காகிதப் பணச் சட்டம் வந்து, நோட்டு அடிக்கும் உரிமை மெட்ராஸ் வங்கி போன்ற மாகாண வங்கிகளிடமிருந்து அரசுக்குப் போனது. முதலில் வந்தவை விக்டோரியா ராணி படம் போட்டவை, ஒரு பக்கம் மட்டும் அச்சு. அவற்றைக் கள்ளத்தனமாக அடித்தார்கள், சில வருஷத்திலேயே ராணி படத்தை எடுத்துவிட்டு, அடியில் வண்ண அச்சு ஓடுகிற நோட்டுகளைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் வியாபாரிகள் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதல் தபாலில் அனுப்புவார்கள். அது போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்த பிறகுதான் மறு பாதி கிளம்பும். பாதி நோட்டைத் திருடி ஒன்றும் செய்ய முடியாதே!

ஒரு ரூபாய் நோட்டு 1917இல் வந்தது. முதல் உலகப் போரில் வெள்ளி தட்டுப்பாடு, அதனால் நாணயத்தின் படத்தையே நோட்டில் அச்சிட்டார்கள். இன்றுவரை ஒரு ரூபாய் நோட்டில் நாணயப் படம் இருப்பது அந்த வழக்கம்தான். அதை வெளியிடுவது இந்திய அரசு, ரிசர்வ் வங்கி இல்லை. கையெழுத்து நிதிச் செயலாளருடையது. உங்கள் டப்பாவில் இருக்கிற நாலையும் பாருங்கள், மற்ற நோட்டுகளில் வரும் "தருவதாக உறுதியளிக்கிறேன்" என்ற வாசகம் அவற்றில் இருக்காது.

சுதந்திரத்துக்குப் பிறகு ராஜா தலையை எடுத்துவிட்டு யாரை வைப்பது என்று யோசித்தார்கள். காந்தியைத்தான் முதலில் நினைத்தார்கள், கடைசியில் சாரநாத் சிங்கத் தூணை முடிவு செய்து, 1949இல் ஒரு ரூபாய் நோட்டில் போட்டார்கள். 1969இல் நூற்றாண்டு விழாவுக்கு, சேவாகிராமப் பின்னணியில் காந்தி உட்கார்ந்திருப்பது போல ஒரு வரிசை வந்தது. பிறகு 1987இல் ஐநூறு ரூபாயில் அவர் முகம். 1996இலிருந்து புதிதாக வந்த ரிசர்வ் வங்கி நோட்டு எல்லாவற்றிலும் அவர்தான்.

நோட்டு சிறுத்ததற்குக் காரணம் வேறு. அறுபதுகளின் தொடக்கத்தில் பணமுடை, காகிதத்தை மிச்சப்படுத்த 1967இல் அளவைக் குறைத்தார்கள். உங்கள் கப்பல் நோட்டு பெரிதாக இருக்கிறது என்றால் அதற்கு முந்தியது.

வருஷம் அச்சிடாத நோட்டின் வயதைக் கையெழுத்துத்தான் சொல்லும். எந்த ரிசர்வ் வங்கி கவர்னர் எத்தனை வருஷம் இருந்தார் என்பது தெரிந்தால் போதும். நான் வேலையில் சேர்ந்த மறுவருஷம் மன்மோகன் சிங் கவர்னர் ஆனார். அவரே அதற்கு முன் நிதிச் செயலாளராக ஒரு ரூபாய் நோட்டில் கையெழுத்துப் போட்டவர். நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணனும் அப்படித்தான், முதலில் ஒரு ரூபாய், 1990இலிருந்து 1992 வரை மற்றவை. ஒரே நோட்டுக் கட்டுக்குள் இரண்டு மூன்று கவர்னர்களின் கையெழுத்து கலந்து வரும். எண்ணும்போது என் கண் எண்ணில் இருக்கும், மனசு கையெழுத்தில் இருக்கும்.

அந்த நாளில் நூறு நோட்டை ஒரு கட்டாக்கித் தடித்த கம்பியால் பின் அடிப்போம். அடிப்பது நோட்டின் இடது ஓரத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறி உருவம் தெரியும் வெள்ளை இடத்தில். கள்ள நோட்டா என்று பார்க்க வேண்டிய இடமே சல்லடையாகிவிடும். பின்னைப் பிடுங்கும்போது விரல் கிழியும், சில நோட்டில் ரத்தப் பொட்டு இருக்கும். 2001இல் பின் அடிக்கக் கூடாது, காகிதப் பட்டைதான் சுற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. எத்தனை வருஷம் முன்பே வந்திருக்க வேண்டிய உத்தரவு!

சரி, கப்பல் நோட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்து யார் கையெழுத்து என்று சொல்லுங்கள்.

விரல்நுனி

நான் திருச்சியில் பாட்டு டீச்சர். பிறவியிலேயே பார்வை இல்லை. காசாளர் ஐயா எழுதியதைத் திரைவாசிப்பான் வாசிக்க, இரண்டு தடவை கேட்டேன். எனக்கு நோட்டில் படம் கிடையாது. அளவும் மேடும்தான்.

1996 வரிசையில் இடது ஓரத்தில் தடவினால் ஐம்பதுக்குச் சதுரம், நூறுக்கு முக்கோணம், ஐநூறுக்கு வட்டம். பிறகு வந்த ஆயிரத்துக்கு வைரம். புது நோட்டில் நன்றாகத் தெரியும். அளவும் உதவியது. நூறு 157 மில்லிமீட்டர் நீளம், ஐநூறு 167, ஆயிரம் 177. நோட்டை ஆள்காட்டி விரலில் சுற்றினால் எவ்வளவு மிச்சம் என்று கை சொல்லிவிடும்.

2016க்குப் பிறகு வந்தவற்றில் நூறு 142, இருநூறு 146, ஐநூறு 150. நான்கு மில்லிமீட்டர் என்பது என் நகத்தில் பாதி. ஓரத்தில் கோடுகள் இருக்கின்றன, நூறுக்கும் இருநூறுக்கும் நான்கு, ஐநூறுக்கு ஐந்து. ஆனால் சந்தையில் சுற்றி வந்த நோட்டில் அவை தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். ஒரு தடவை இருநூறு என்று நினைத்து ஐநூறைப் பூக்காரம்மாவிடம் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து, "டீச்சரம்மா, இது ஐநூறு" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டிலேயே மடித்துத்தான் எடுத்துப் போகிறேன். நூறு மடிக்காமல், இருநூறு குறுக்கே பாதியாக, ஐநூறு நெடுக்கே.

2020இல் ரிசர்வ் வங்கி "மணி" என்று ஒரு செயலி கொண்டுவந்தது. போனை நோட்டுக்கு நேரே பிடித்தால் தொகையைச் சொல்லும். வீட்டில் மிகவும் பயன்படுகிறது. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனை எடுக்க முடியாது, அங்கே விரல்தான் கதி. அடுத்த தடவை அளவை முடிவு செய்பவர்கள் எங்களைப் போன்ற நாலு பேரைக் கூப்பிட்டு, கசங்கிய நோட்டைக் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கீழவாசல் தம்பி, அந்தக் கப்பல் நோட்டைத் தொட்டுப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது.

பொன்னிநதி

காசாளர் ஐயாவுக்கு நன்றி. தெரியாமல் அடித்துச் சொல்லிவிட்டேன், அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கீழவாசல்காரன்

கையெழுத்து ராம ராவ் என்று இருக்கிறது. ஒரு ரூபாய் நோட்டு நாலிலும் ஐயா சொன்ன மாதிரி அந்த வாசகம் இல்லை.

விரல்நுனி அக்கா, அடுத்த மாதம் திருச்சிக்கு வருகிறேன். டப்பாவோடு வருகிறேன்.

காசாளர்_கும்பகோணம்

பெனகல் ராம ராவ் என்றால் 1949 முதல் 1957 வரை. ரொம்ப நீண்ட காலம், இன்னும் குறுக்கலாம்.

நோட்டில் பத்து ரூபாய் என்று இந்தியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ரூபாய் என்பதற்கு இந்தியில் பன்மை எப்படி எழுதுவது என்று அந்தக் காலத்தில் ஒரு விவாதமே நடந்தது. முதலில் "ருபயா" என்று ஒருமையில் அச்சிட்டார்கள். 1953இல் இந்தியைப் பெரிதாகப் போட்டபோது "ருபயே" என்று முடிவானது. இந்தி தெரிய வேண்டாம், கடைசி எழுத்தை மட்டும் பாருங்கள். அதற்கு வலது பக்கம் தனியாக ஒரு செங்குத்துக் கோடு துணைக்கால் மாதிரி நின்றால் "யா". கோடு இல்லாமல், தலைக்கோட்டுக்கு மேலே சாய்வாக ஒரு கீற்று இருந்தால் "யே".

அப்படியே மொழிகள் வரிசையில் தமிழையும் தேடுங்கள். இப்போதைய நோட்டில் பதினைந்து மொழி, தமிழ் பதின்மூன்றாவது, சமஸ்கிருதத்துக்கும் தெலுங்குக்கும் நடுவில். கொங்கணியும் நேபாளியும் 1992இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்த பிறகுதான் இதில் ஏறின, பழையதில் அவை இருக்காது. புது நோட்டுக் கட்டு வந்தால் நான் முதலில் பார்ப்பது நம் வரியைத்தான். முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.

கீழவாசல்காரன்

பார்த்துவிட்டேன் ஐயா. கோடு நிற்கிறது, மேலே கீற்று இல்லை. "யா" தான். அப்படியானால் அம்மா பிறப்பதற்குப் பத்து வருஷத்துக்கும் மேல் முந்திய நோட்டு.

சொன்னதும் அம்மா என் கையிலிருந்து பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டார். தமிழ் எழுத்தை அவரே கண்டுபிடித்து, "பத்து ரூபாய்" என்று சத்தமாக வாசித்துக் காட்டினார். நோட்டை இன்னும் திருப்பித் தரவில்லை.