மறு: பயோமார்க்கருக்குத் தமிழ் – உயிர்க்குறியா, குறிப்பானா?

அனைவருக்கும் வணக்கம். பயோமார்க்கர், அதாவது உடலின் நிலையையோ நோயையோ அளந்து காட்டும் அடையாளம், இதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்ற பேச்சுக்கு என் பதில்.

> பயோமார்க்கர் = உயிர்க்குறி. சுருக்கம், அழகு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஐயா, அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நாடி, மூச்சு, உடல்வெப்பம், இரத்த அழுத்தம் இந்த நான்கையும் சேர்த்து ‘உயிர்க்குறிகள்’ என்று நான் பல மருத்துவக் கையேடுகளில் எழுதிவிட்டேன். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் படிப்பவர் திணறுவார். ‘சுட்டி’ என்றால் கணினிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ‘குறிப்பான்’ போதும். இரத்தத்தில் அளப்பது என்றால் ‘குருதிக் குறிப்பான்’. இதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை.

பிடிவாதம் வேறிடத்தில். நான் இப்போது சரவாங்கிக்கு, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்க்கு, ஒரு விளக்கக் கையேடு மொழிபெயர்க்கிறேன். (முடக்குவாதம் என்று எழுதினால் பாதிப் பேர் கைகால் விழுந்துபோவதாக நினைக்கிறார்கள். ஊரில் சொல்வது சரவாங்கிதான்.) அதில் ‘ப்ரோக்னாஸ்டிக்’, ‘ப்ரெடிக்டிவ்’ என்று இரண்டு வகைக் குறிப்பான்கள் வருகின்றன. நம் பட்டியலில் இரண்டுக்கும் ‘முன்கணிப்பு’ என்றே போட்டிருக்கிறோம்! இரண்டும் ஒன்றல்ல. எந்த மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நோய் எந்தப் பக்கம் போகும் என்று சொல்வது முதலாவது. இந்த மருந்தைக் கொடுத்தால் இவருக்குப் பலன் கிடைக்குமா என்று சொல்வது இரண்டாவது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் தேசிய நலவாழ்வு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட சொல்லடைவில் குறிப்பான்களை ஏழு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். இவை இரண்டும் அங்கே தனித்தனி.

ஆன்டி-சிசிபி பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். சரவாங்கிக்காரர்களின் இரத்தத்தில், சிட்ருலின் என்ற அமினோ அமிலம் ஏறிய புரதங்களை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பது 1998இல் தெளிவானது. அவற்றைத் தேடுவதுதான் இந்தப் பரிசோதனை. மூட்டு வலிக்கத் தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே அவை இரத்தத்தில் தென்படுவது உண்டு. (சிட்ருலின் என்ற பெயர் தர்ப்பூசணியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. அதற்காக யாரும் ‘தர்ப்பூசணியம்’ என்று ஆரம்பிக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.) ஒருவருக்கு இது நிறைய இருந்தால் மூட்டெலும்பு அரிக்கப்படும் ஆபத்து கூடுதல். இது நோயின் போக்கைச் சொல்கிறது. அதே ஆள் இந்த நோய்க்கான ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைப் போட்டுக்கொண்டால், இந்த எதிர்ப்பொருள் இல்லாதவரைவிடப் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். இது மருந்தின் பலனைச் சொல்கிறது. ஒரே பரிசோதனை, இரண்டு வேலை. ‘முன்கணிப்புக் குறிப்பான்’ என்று எழுதினால் எந்த வேலையைச் சொல்கிறோம்?

சரி, முதலாவதற்கு ‘நோய்ப்போக்குக் குறிப்பான்’. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். இரண்டாவதற்குத்தான் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டேன். மருந்துக்கு உடம்பு காட்டும் ‘ரெஸ்பான்ஸ்’ என்பதற்கு ‘மறுமொழி’ என்றால் மின்னஞ்சல் நினைவு வருகிறது. ‘துலங்கல்’ பாடநூலில் தூண்டலோடு ஒட்டிப் பிறந்தது, நோயாளியிடம் சொன்னால் விழிப்பார். ‘மருந்தேற்பு’ என்று எழுதிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து அக்கா உடனே தனிமடலில், “தம்பி, எங்கட ஊரில ஏற்பு எண்டா ஆணி குத்தினா வாறது, அதுக்குத்தான் ஏற்பு ஊசி போடுறது” என்று எழுதிவிட்டார். அங்கே ஏற்பு என்றால் டெட்டனஸ். முடிந்தது கதை.

அப்புறம்தான் அத்தை நினைவுக்கு வந்தார். அவருக்குச் சரவாங்கி வந்து பதினோரு வருடம். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரிக்கோலால் வெட்ட முடிகிறதா என்பதுதான் அவருடைய பரிசோதனை. வெட்ட முடிந்த நாள் நல்ல நாள். மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை, தொடங்கி மூன்றாம் மாதம் தொலைபேசியில் சொன்னார்: “இந்த மாத்திரைக்குக் கேக்குதுடா.”

நோய் மருந்துக்குக் கேட்கிறது. நாம் எல்லோரும் தினமும் சொல்வதுதான். காய்ச்சல் கசாயத்துக்குக் கேட்காது, இருமல் எதற்கும் கேட்காது. இந்த வினையை வைத்துக்கொண்டு ஏன் வெளியே தேட வேண்டும்? ‘மருந்துக் கேட்பு’ என்று பெயராக்கினால் காப்பீட்டு விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. ஆகவே வினைத்தொகை: ‘மருந்துகேள் குறிப்பான்’. ‘நோய்காண்’ இருக்கும்போது ‘மருந்துகேள்’ ஏன் கூடாது?

இதில் இன்னொரு லாபமும் உண்டு. டோசிலிசுமாப் என்ற சரவாங்கி ஊசி, அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-6 என்ற புரதத்தின் வழியை அடைக்கிறது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி புரதத்தைக் கல்லீரல் சுரப்பதே பெரும்பாலும் இன்டர்லியூக்கின்-6இன் கட்டளையால்தான். ஆகவே ஊசி போட்டதும் சிஆர்பி சரசரவென்று இறங்கும், மூட்டில் வீக்கம் மிச்சமிருந்தாலும்கூட. உள்ளே கிருமித்தொற்று இருந்தால் அதையும் மறைத்துவிடும். அறிக்கையைப் பார்த்தவர் ‘கேட்டுவிட்டது’ என்பார். கேட்டது கல்லீரல், மூட்டைத் தனியாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மருந்து உடம்பில் வேலை செய்வதை மட்டும் காட்டுகிற இந்த வகைக்கு ‘மருந்துவினைக் குறிப்பான்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

> இப்படி ஒரு சொல் தேவைப்படும் அளவுக்கு அந்தப் பரிசோதனை நடைமுறையில் இருக்கிறதா?

நியாயமான கேள்வி. சரவாங்கியில், எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்று இரத்தத்தைப் பார்த்து முடிவுசெய்யும் நிலை இன்னும் வரவில்லை. பெரும்பாலோருக்கு மெத்தோட்ரெக்ஸேட்டில் தொடங்கி, மூன்று மாதத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் மாற்றி யோசிப்பதுதான் வழக்கம். மார்பகப் புற்றில் ஹெர்-2 என்ற புரதம் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்து மருந்து கொடுக்கிறார்களே, அது அசல் மருந்துகேள் குறிப்பான். சொல் அங்கேயும் உதவும்.

ஒன்று மட்டும் பாக்கி. மருந்தால் பலன் கிடைக்காதவரைக் குறிக்கும் ‘நான்-ரெஸ்பாண்டர்’ என்பதைப் பட்டியலில் யாரோ ‘கேளாதவர்’ என்று சேர்த்திருக்கிறீர்கள். காது கேளாதவர் ஆகிவிடும், பத்தியத்தை மீறியவர் மாதிரியும் தொனிக்கிறது. கேட்காதது நோய்தான். ‘மருந்துகேளா நோய்’ என்று மாற்றிவிடட்டுமா? வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொன்னால் நல்லது.