மண் அணைக்கு ‘அதிக அபாயம்’ வகைப்பாடு: கரையில் குறையே இல்லையே?

கரைமேடு:
தாத்தா காலத்து மண் அணை, இப்போது என் பெயரில் இருக்கிறது. உயரம் 7 மீட்டருக்குள்தான். கரையில் வெடிப்போ சரிவோ இல்லை. ஆனால் ‘குறைந்த அபாயம்’ என்றிருந்ததை ‘அதிக அபாயம்’ என்று மாற்றிவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. யாரும் கரையை வந்து பார்க்கவே இல்லை! கரையை உயர்த்திப் பலப்படுத்தினால் பழைய பிரிவுக்கே திரும்புமா?

மண்சோதகர்:
திரும்பாது. அணை உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதுதான் இந்த வகைப்பாடு. கரை எப்படி இருக்கிறது என்பது தனி மதிப்பீடு. அமெரிக்காவில் பின்பற்றும் முறையில் மூன்று பிரிவுகள்: உடைந்தால் உயிர் போகக்கூடும் என்றால் அதிகம், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சாலை, மின்வசதி போன்றவை பாதிக்கும் என்றால் நடுத்தரம், சேதம் பெரும்பாலும் உரிமையாளர் நிலத்தோடு நின்றுவிடும் என்றால் குறைவு. நேற்றுக் கட்டிய அணைகூட முதல் பிரிவில் வரலாம். கீழே ஓடையோரம் புதிதாக வீடுகள் வந்திருக்கின்றனவா?

கரைமேடு:
வந்திருக்கின்றன. யாரோ தாழ்வில் வீடு கட்டியதற்கு நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?

மண்சோதகர்:
கோபம் நியாயமானது. ஆனாலும் கடிதத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஹவாயின் கவாய் தீவில் 2006 மார்ச் 14 அன்று கா லோகோ என்ற தனியார் மண் அணை உடைந்து 7 பேர் இறந்தார்கள். ஏட்டில் அது ‘குறைந்த அபாயம்’ அணை.

மறுப்பதானால், உடைப்பு வெள்ளம் எதுவரை, எவ்வளவு ஆழத்தில் பாயும் என்ற ஆய்வை ஒரு பொறியாளரிடம் செய்து வாங்கி இணையுங்கள். வெறும் கடிதம் எடுபடாது. கரையை உயர்த்தி அதிக நீரைத் தேக்கினால் அபாயம் கூடத்தான் செய்யும். நிரந்தரமாகத் தேக்கத்தைக் குறைத்தால் சில இடங்களில் பிரிவு இறங்கும்.

ஓடைவாசி:
நானும் ஒரு அணைக்குக் கீழ்ப்பக்கம் குடியிருப்பவன்தான், ஐயா. இந்த அணைக்குக் கீழே இல்லை, அவ்வளவுதான். உடைப்பு நேர்ந்தால் யாருக்கு முதலில் தகவல் போகும் என்று எழுதிவைத்திருக்கிறீர்களா? அவசரகாலத் திட்டம் என்பது அதுதான்.

மதகடி:
நீங்கள் இணைத்த கரைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மதகுக் குழாய் வெளியே வரும் இடத்தில் மட்டும் கோரை செழித்திருக்கிறதே, அங்கே கசிவு உண்டா? தெளிந்த நீரானால் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் உள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். உடனே நீர்மட்டத்தை மெதுவாக இறக்கிப் பொறியாளரை அழையுங்கள். களிமண் வைத்து அடைக்க வேண்டாம், அழுத்தம் உள்ளே ஏறும். கரையிலுள்ள பெரிய மரங்களையும் நீங்களாக வேரோடு பிடுங்காதீர்கள். மிகை நீர் வழிந்து வெளியேறும் கலிங்கு அடைபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கரைமேடு:
கசிவு உண்டு, தெளிவாகத்தான் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்தே இருப்பதால் பெரிதாக நினைக்கவில்லை.

மதகடி:
கசிவு நீரில் ஒரு வாளி நிரம்பும் நேரத்தைக் குறித்துவையுங்கள், கூடவே அன்றைய நீர்மட்டத்தையும். மட்டம் மாறாதபோது கசிவு கூடினால் காத்திருக்காதீர்கள்.